மாட்டு வெக்கையும் மணல்வாரி அம்மையும்

பழைய நூலொன்றில் நோய்ப்பெயர் ஒன்று வரக் கண்டவுடன், அதற்கு நேரான ஆங்கிலப் பெயரை அகராதியிலிருந்து எடுத்து அடிக்குறிப்பில் அமைத்துவிட்டு, பொருள் விளங்கிற்று என அமைதி கொள்வது உரையாசிரியரிடத்தும் பதிப்பாசிரியரிடத்தும் காணப்படும் ஒரு வழக்கம். மாட்டு வாகடம் முதலிய நூல்களைப் பதிப்பிக்க முற்படுவோர்க்கு இது பெரிதும் நேர்கின்றது. உயிர்நூலாரும் கால்நடை மருத்துவ நூலாரும் அண்மைக் காலத்தில் கண்ட சில முடிபுகள் இவ்வழக்கத்தை மீண்டும் ஆராயுமாறு நம்மைத் தூண்டுகின்றன. அவற்றுள் தலையாயது, மாடுகளைக் கொள்ளை கொண்ட வெக்கை நோயும் மக்கட் குழவிகளைப் பற்றும் மணல்வாரி அம்மையும் ஒரு மூலத்தினின்று பிரிந்த காலம் பற்றியதாகும். அம்முடிபு எவ்வாறு பெறப்பட்டது, வரலாறு எழுதுவோன் அதனைக் கொண்டு எதனைக் கூறலாம், எதனைக் கூறலாகாது என்பனவே ஈண்டு ஆராயப்படும்.

வெக்கை நோய் இன்று உலகில் இல்லை. ஆதலின் இளைய தலைமுறையினர் அதனை அறியார். கடுங்காய்ச்சல், கண்ணிலும் மூக்கிலும் நீர் வடிதல், வாயில் புண், பின்னர்க் கழிச்சல், சில நாளில் இறப்பு என்பது அதன் போக்கு. முன்பு நோய் காணாத மந்தைகளில் அது புகுந்தபொழுது பத்தில் எட்டு அல்லது ஒன்பது மாடுகள் மடிந்தன. ஐரோப்பாவில் 18ஆம் நூற்றாண்டு முழுவதும் அது மீண்டும் மீண்டும் தோன்றி உழவரை வருத்தியது. பிரான்சு நாட்டு லியோன் நகரில் 1760களின் தொடக்கத்தில் முதற் கால்நடை மருத்துவப் பள்ளி நிறுவப்பட்டதற்கு இந்நோயே முதன்மையான காரணம். 1880களின் இறுதியில் அது ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையில் இறங்கிற்று. எத்தியோப்பியாவில் உழவெருது இன்மையால் நிலம் தரிசாகி, 1888 முதல் 1892 வரை பெரும்பஞ்சம் நிலவியது. அங்கிருந்து தெற்கு நோக்கிப் பரவி, 1896-இல் தென்னாப்பிரிக்காவை அடைந்தது.

இந்தியாவின் பங்கும் இவ்வரலாற்றில் சிறிதன்று. 1920-இல் இந்தியாவிலிருந்து பிரேசிலுக்குச் சென்ற திமில் மாடுகள் இடைவழியில் பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் துறைமுகத்தில் தங்கியபொழுது, அங்கு நோய் பரவிற்று. அதன் விளைவாகவே 1924-இல் பாரிசு நகரில் உலக விலங்குநல அமைப்பு தோன்றியது. இந்நாட்டில் மாட்டுக் கொள்ளைநோய்களை ஆராய அமைக்கப்பெற்ற ஆலன் குழுவினர் 1871-இல் தம் அறிக்கையை வெளியிட்டனர். 1889-இல் புனாவில் தொடங்கிய ஆய்வுக்கூடம் 1893-இல் இமயச் சாரலில் உள்ள முக்தேசுவரத்திற்கு மாற்றப்பட்டது. அவ்விடத்தில்தான் 1920களில் எட்வர்ட்சு என்பார் இந்நோயின் நச்சுயிரியை ஆட்டினின்று ஆட்டிற்குப் பல நூறு முறை மாற்றி மாற்றிச் செலுத்தி, அதன் கொடுமையைத் தணித்து, மாடுகளுக்குரிய தடுப்பு மருந்தாக்கினார். பிற்காலத்தில் கென்யாவின் முகுகாவில் பிளௌரைட்டு என்பார் உயிரணு வளர்ப்பு முறையில் ஆக்கிய மருந்து அதனினும் சிறந்ததாயிற்று. இந்தியாவில் 1950களின் நடுவில் தொடங்கிய ஒழிப்புப் பணி நாற்பது ஆண்டு நடைபெற்றது. இந்நாட்டில் இந்நோய் இறுதியாகக் காணப்பட்டது 1995-இல், தமிழ்நாட்டின் வட ஆர்க்காட்டுப் பகுதியில் என்பது நாம் நினைவிற் கொள்ளத்தக்கது. உலகில் இறுதியாக அது 2001-இல் கென்யாவின் காட்டெருமைகளிடத்துக் காணப்பட்டது. 2011-இல் அது முற்றும் ஒழிந்ததென அறிவிக்கப்பட்டது. மனிதன் முயன்று ஒழித்த நோய்கள் இரண்டே. முன்னையது பெரியம்மை, பின்னையது இது.

இனி, மணல்வாரியுடன் இதற்குள்ள உறவினைக் காண்போம். வெக்கைக்குக் காரணம் வடிகலத்தையும் கடந்து செல்லும் நுண்பொருள் என்பதை 1902-இல் நிக்கோல், ஆதில் பே என்னும் இருவர் துருக்கியில் நிறுவினர். மணல்வாரியின் நச்சுயிரியை 1954-இல் எண்டர்சு, பீபிள்சு ஆகியோர் பிரித்தெடுத்தனர். அப்பத்தாண்டிலேயே வியப்பான ஓர் உண்மை வெளிப்பட்டது. மணல்வாரி கண்டு தேறியவரின் குருதிநீர், நாய்களைத் தாக்கும் டிஸ்டெம்பர் நோயின் நச்சுயிரியையும், மாட்டு வெக்கையின் நச்சுயிரியையும் ஓரளவு எதிர்த்தது. மூன்றும் ஒரு குடும்பத்தன என்பது இதனால் துணியப்பட்டது. நாய்க்குட்டிகளுக்கு மணல்வாரித் தடுப்பு மருந்தே ஊசியாக இடப்பட்டதும் உண்டு. பின்னர் மரபுப்பொருளின் எழுத்துக்களை ஒன்றன்பின் ஒன்றாகப் படித்தறியும் முறை தோன்றியதும், இக்குடும்பத்தில் மணல்வாரிக்கு மிக அண்மையான உறவு மாட்டு வெக்கையே என்பது ஐயமற விளங்கிற்று. அவ்வளவில் ஆராய்ச்சியாளரிடையே கருத்து வேற்றுமை இல்லை. எப்பொழுது பிரிந்தன என்பதே வினா.

இவ்வினாவிற்கு விடை காணும் முறை தமிழாராய்ச்சியாளர்க்குப் புதிதன்று. ஒரு நூலின் பல ஏட்டுச் சுவடிகளை ஒப்புநோக்கி, எவ்வெப் பிழைகள் எவ்வெச் சுவடிகளுக்குப் பொது என்று பார்த்து, அவை பிரிந்த வழியை மரம்போல் வரைந்து, மறைந்துபோன மூல ஏட்டை ஊகிப்பது நாம் செய்துவரும் தொழில். மணல்வாரியின் நச்சுயிரி 15,894 எழுத்துக்களால் ஆகிய ஒரு சுவடி எனக் கொள்ளலாம். அது தன்னைத் தானே படியெடுக்கும்பொழுது பிழைகள் நேர்கின்றன. காலம் தெரிந்த படிகள் பல கிடைப்பின், ஆண்டொன்றுக்கு எத்தனை பிழை நேர்கின்றது எனக் கணக்கிடலாம். அவ்விகிதத்தைக் கொண்டு, இரு கிளைகளுக்கிடையே காணப்படும் வேறுபாடு முழுவதும் உண்டாக எத்தனை ஆண்டு தேவை எனப் பின்னோக்கிச் செல்லலாம். இம்முறையில் 2010-இல் சப்பான் நாட்டு ஆய்வாளர் கணக்கிட்டு, வெக்கையும் மணல்வாரியும் கி.பி. 11 அல்லது 12ஆம் நூற்றாண்டில் பிரிந்தன என முடிவு கூறினர்.

இம்முடிபு வெளிவந்த காலத்திலேயே ஓர் இடர்ப்பாடு உணரப்பட்டது. பாரசீக மருத்துவராகிய அர்-ராசி, பெரியம்மையையும் மணல்வாரியையும் வேறு பிரித்து, 10ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே தனி நூல் எழுதிவிட்டார். 12ஆம் நூற்றாண்டில் தோன்றிய நோயை 10ஆம் நூற்றாண்டினர் எவ்வாறு விவரித்தனர்? அர்-ராசி கண்டது மணல்வாரி அன்று என்பார் ஒரு சாரார். கணக்கே பிழை என்பார் மற்றொரு சாரார். இலக்கியச் சான்றும் ஆய்வுக்கூடச் சான்றும் முரணும்பொழுது முன்னையதே வழுவுடையது என எளிதிற் கொள்ளும் மனப்பான்மை நம்மவரிடத்தும் உண்டு. இவ்வழக்கில் அவ்வாறு கொண்டவர்கள் பத்தாண்டிற்குள் தம் கருத்தை மாற்ற வேண்டியதாயிற்று.

அம்மாற்றத்தை விளைவித்தது ஒரு குழந்தையின் நுரையீரல். 1912ஆம் ஆண்டு சூன் மாதத்தில் பெர்லின் நகரத்துச் சாரிட்டே மருத்துவமனையில் இரண்டு வயதுப் பெண் குழந்தையொன்று மணல்வாரியும் அதனைத் தொடர்ந்த நுரையீரல் அழற்சியும் கண்டு இறந்தது. மருத்துவர்கள் அதன் நுரையீரலைப் பார்மலின் நீரில் இட்டுக் காட்சிப் பொருளாகக் காத்தனர். நூறாண்டிற்கு மேலாக அது மருத்துவ வரலாற்று அருங்காட்சியகத்தில் இருந்தது. இந்நச்சுயிரியின் மரபுப்பொருளாகிய ஆர்.என்.ஏ. விரைவிற் சிதைவது, பார்மலினோ மூலக்கூறுகளை ஒன்றோடொன்று பிணித்துவிடுவது. ஆகவே இத்தகைய பொருளினின்று எதனையும் படித்தறிதல் அரிது எனவே பலரும் எண்ணியிருந்தனர். கால்விஞாக்-ஸ்பென்சர் என்பாரின் தலைமையில் டூக்சு முதலிய ஆய்வாளர்கள் அத்திசுவை வெப்பமூட்டிப் பிணிப்பை நெகிழ்த்தி, துண்டு துண்டாய்க் கிடந்த எழுத்துக்களை ஒன்றுகூட்டி, 1912ஆம் ஆண்டின் மணல்வாரிச் சுவடி ஏறத்தாழ முழுவதையும் மீட்டனர். அதுவரை கிடைத்திருந்தவற்றுள் மிகப் பழையது 1954ஆம் ஆண்டினது. ஒரே தாவலில் நாற்பது ஆண்டிற்கு மேல் பின்சென்றமை சிறிய செயலன்று.

புதிய சுவடியையும், 1960ஆம் ஆண்டின் படிகள் சிலவற்றையும் சேர்த்து அவர்கள் கணக்கிட்ட முடிபு 2020-இல் வெளியாயிற்று. பிரிவு நேர்ந்த காலம் கி.மு. 6ஆம் நூற்றாண்டு, நடுமதிப்பாகக் கி.மு. 528. முன்னைய கணக்கிற்கும் இதற்கும் ஆயிரத்தைந்நூறு ஆண்டிற்கு மேல் வேற்றுமை. இத்துணைப் பெரிய வேற்றுமைக்கு நூறாண்டுப் பழைய ஓர் ஏடு மட்டுமே காரணமாகாது. கணக்கு முறையிலேயே செய்யப்பட்ட திருத்தம் பெருங்காரணம். அதனையும் சுவடி வழக்கைக் கொண்டே விளக்கலாம்.

அண்மையில் எழுதப்பட்ட படிகளை ஒப்பிட்டால் பிழைகள் மிகுதியாகத் தோன்றும். அவற்றுட் பல பொருளைக் கெடுக்கும் பிழைகள். அடுத்துப் படியெடுப்போரால் அத்தகைய ஏடு ஒதுக்கப்பட்டு மறையும். நீண்ட காலம் கடந்து நிலைத்து வருவன பொருளைக் கெடாத மாற்றங்களே. எனவே அண்மைப் படிகளில் காணும் பிழை விகிதத்தை நெடுங்காலத்திற்கும் பொருத்தினால், கடிகாரம் மிக விரைந்து ஓடுவதாகக் கொண்டவராவோம். மூல ஏடு உள்ளதைவிட இளையதாய்த் தோன்றும். மேலும், ஓரெழுத்து இரண்டு மூன்று முறை மாறி, இறுதி மாற்றம் மட்டுமே நம் கண்ணிற்படுவதும் உண்டு. நச்சுயிரிகளிடத்தும் இதுவே நிகழ்கின்றது. தீமை பயக்கும் மாற்றங்கள் இயற்கையால் களையப்படுதல் பழமையை மறைத்துவிடும் என்பதை வேறு ஆய்வாளர் 2011-இலேயே எடுத்துக்காட்டியிருந்தனர். 2020ஆம் ஆண்டின் கணக்கு அதனை உட்கொண்டது.

இப்பொழுது வரலாறு எழுதுவோன் விழிப்பாக இருக்கவேண்டிய இடத்திற்கு வந்துள்ளோம். கி.மு. 528 என்பது கல்வெட்டில் பொறித்த ஆண்டு போன்றதன்று. ஆய்வாளர் தாமே கூறும் எல்லை கி.மு. 1174 முதல் கி.பி. 165 வரை விரிந்து கிடக்கின்றது. நடுமதிப்பை மட்டும் எடுத்து எழுதி எல்லையை விட்டுவிடுதல் ஆய்வாளர் கூறாததை அவர்மேல் ஏற்றுவதாகும். இதனினும் முதன்மையானது ஒன்றுண்டு. இரு கிளைகள் பிரிந்த காலமும், அவற்றுள் ஒன்று மாட்டினின்று மனிதனிடத்துத் தாவிய காலமும் ஒன்றல்ல. பொது மூதாதை மாட்டினத்தில் வாழ்ந்தது என்பதே பெரும்பான்மையோர் கருத்து. அம்மூதாதையின் இரு கிளைகளும் பன்னூறு ஆண்டு மாட்டினத்திலேயே வாழ்ந்து, பிற்பட ஒரு கிளை மனிதனைப் பற்றியிருக்கலாம். அதன் பின்னர் மாட்டினத்தில் அக்கிளை அற்றுப்போயிருக்கலாம். ஒரு நூலின் இரு பாட மரபுகள் பிரிந்த காலத்தைக் கொண்டு, அவற்றுள் ஒன்று மதுரைக்கு வந்து சேர்ந்த காலத்தைக் கூற இயலாதது போன்றதே இது. ஆகவே கி.மு. 6ஆம் நூற்றாண்டு என்பது மணல்வாரி மக்களிடையே தோன்றியிருக்கக்கூடிய காலத்தின் மேலெல்லையை ஒருவாறு காட்டுமேயன்றி, தோன்றிய காலத்தைக் காட்டாது.

மேலெல்லையை ஒட்டி வேறொரு சான்றும் கூறப்படுகின்றது. மணல்வாரி கண்டு தேறியவரை அந்நோய் மறுமுறை பற்றாது. ஆதலின் புதிய குழந்தைகள் ஓயாது பிறந்துகொண்டிருக்கும் பெருமக்கள்தொகை இல்லாத இடத்தில் அது தானே அணைந்துவிடும். இரண்டரை இலக்கம் முதல் ஐந்து இலக்கம் வரை மக்கள் ஒருங்கு வாழ்ந்தாலன்றி அது நிலைபெறாது என்பது கணிதவறிஞர் கொள்கை. பெரோ தீவுகளின் வரலாறு இதற்கு அழகிய சான்று. அங்கு 1781-இல் தோன்றி மறைந்த மணல்வாரி, அறுபத்தைந்து ஆண்டு தலைகாட்டாமல் இருந்து, 1846-இல் கப்பல் வழியே மீண்டும் புகுந்தது. 7,782 மக்களுள் ஆறாயிரவர்க்கு மேற்பட்டோர் நோயுற்றனர். அங்குச் சென்று ஆராய்ந்த பானும் என்னும் டேனிய இளமருத்துவர், 1781-இல் நோய் கண்ட முதியோர் எவரையும் அது மறுமுறை தொடவில்லை என்று பதிவு செய்தார். நோய் காணாத மக்களிடையே அது புகின் விளையும் கேட்டிற்கு 1875ஆம் ஆண்டின் பிஜித் தீவு சான்றாகும். அங்கு ஏறத்தாழ நாற்பதினாயிரவர் மாண்டனர். கி.மு. முதலாயிரத்தின் பிற்பகுதியில்தான் உலகில் இரண்டரை இலக்கம் மக்களைத் தாண்டிய நகரங்கள் தோன்றின என்பதால், காலக்கணிப்பும் நகரத் தோற்றமும் ஒத்து நிற்பதாக ஆய்வாளர் கருதுவர். ஒத்து நிற்றல் மெய்ப்பித்தல் ஆகாது எனினும், கருதத்தக்கதே.

இனி இம்முடிபுகளைத் தமிழ்ச் சான்றுகளுடன் பொருத்த முற்படுவோர் சந்திக்கும் தடைகளைக் கூறவேண்டும். முதலாவது பெயர். மணல்வாரி, தட்டம்மை, சின்னமுத்து என்னும் பெயர்கள் இன்று ஒரே நோயைக் குறிக்க வழங்குகின்றன. ஆயினும் ஈழத்தில் சின்னமுத்து என்பது மணல்வாரியையும், கொப்புளிப்பான் என்பது தமிழ்நாட்டார் சின்னம்மை எனும் நோயையும் குறிக்கும். ஒரே காலத்தில், ஒரே மொழியில், ஒரு கடலிடுக்கின் இரு கரைகளில் இத்துணை வேற்றுமை இருக்குமாயின், முந்நூறு ஆண்டிற்கு முற்பட்ட ஏட்டில் வரும் அம்மைப் பெயரை இன்ன நோய் எனத் துணிந்து கூறுதல் எங்ஙனம்? வெக்கை என்னும் சொல்லோ வெப்பம் என்னும் பொருளினின்று வந்தது. காய்ச்சலுடன் கூடிய எக்கொள்ளை நோயையும் உழவன் அப்பெயரால் அழைத்திருக்கக்கூடும். கோமாரி என்பது இன்று வாய்க்கோமாரி, கால்கோமாரி என வேறொரு நோய்க்கு உரியதாய் வரையறுக்கப்பட்டுள்ளது. சொல்லமைப்பை நோக்கின் ஆவினத்திற்கு வரும் மாரி என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை.

கோமாரி என்னும் சொல்லைக் காட்டி, மக்களின் அம்மையும் மாட்டின் நோயும் ஒரே மாரியின் செயல் எனப் பழந்தமிழர் கருதியமையால் இரண்டின் உறவையும் அவர் முன்பே அறிந்திருந்தனர் என்று சிலர் கூற முன்வரலாம். அது பொருந்தாது. மாரியின் ஆட்சியில் வெக்கைக்கு உறவல்லாத பெரியம்மையும் அடங்கும். உறவுடைய நாய் நோய் அடங்காது. தெய்வத்தின் பெயரால் தொகுத்தல் வேறு, மரபால் தொகுத்தல் வேறு. முன்னோர் பெருமைக்கு இத்தகைய துணை வேண்டுவதில்லை.

இரண்டாவது தடை, ஒரு பெயருக்குள் இரு நோய் ஒளிந்திருத்தல். இதற்குத் தமிழ்நாட்டிலேயே, அதுவும் நம் காலத்திலேயே, சிறந்த சான்று கிடைத்துள்ளது. இந்தியாவில் ஆடுகளிடத்தும் வெக்கை போன்ற நோய் காணப்பட்டது. மாட்டு வெக்கையே ஆட்டையும் பற்றியது எனக் கொண்டு கால்நடைத் துறையார் நெடுங்காலம் பதிவு செய்துவந்தனர். மேற்கு ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்டில் 1942-இலேயே ஆட்டுக்கொல்லி நோய் என்னும் தனி நோய் விவரிக்கப்பட்டிருந்தது. அது ஆப்பிரிக்காவிற்கே உரியது என எண்ணப்பட்டது போலும். 1987-இல் விழுப்புரத்தை அடுத்த அரசூர் என்னும் ஊரில் ஆடுகளிடையே தோன்றிய நோயின் நச்சுயிரியை ஆராய்ந்தபொழுது, அது மாட்டு வெக்கை அன்று, ஆட்டுக்கொல்லியே என்பது புலனாயிற்று. பெங்களூர் இந்திய அறிவியற் கழகத்தைச் சார்ந்த சைலாவும் உடனாய்வாளரும் 1989-இல் இதனை வெளியிட்டனர். இந்தியாவில் இந்நோய் பற்றிய முதற் பதிவு அரசூர்ப் பதிவே. அவ்வூரில் கிடைத்த நச்சுயிரியினின்றே பின்னர்த் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் ஆடுகளுக்குரிய தடுப்பு மருந்தொன்றை ஆக்கியது. 'அரசூர் 87' என்று அம்மருந்து ஊர்ப்பெயராலேயே வழங்குகின்றது.

ஆய்வுக்கூடமும் பயின்ற மருத்துவரும் இருந்த 20ஆம் நூற்றாண்டிலேயே ஒரு பெயரின் கீழ் இரு நோய்கள் பதிவாகின எனில், 1987-க்கு முற்பட்ட அறிக்கைகளில் 'ஆட்டிடத்து வெக்கை' எனக் காணப்படுவனவற்றை இனி எவ்வாறு படிப்பது என்பது உண்மையான வினா. அவற்றுட் சில மாட்டு வெக்கையாகவே இருக்கலாம். பல ஆட்டுக்கொல்லியாக இருக்கலாம். அறிகுறி விளக்கமும், அதே பருவத்தில் அதே ஊர் மாடுகள் நோயுற்றனவா என்னும் செய்தியும் இருந்தாலன்றிப் பிரித்தறிய வழியில்லை. வாகட ஏடுகளுக்கும் இதுவே பொருந்தும். பதிப்பாசிரியர் நோய்ப்பெயருக்கு நேராக ஆங்கிலப் பெயரை அமைப்பதனினும், ஏடு கூறும் குறிகளை ஏடு கூறும் முறையிலேயே தொகுத்து, எவ்விலங்கு, எப்பருவம், எத்தனை நாளில் இறப்பு, தேறியது மறுமுறை நோயுறுமா என்பனவற்றைக் குறித்தல் நன்று. இவற்றுள் இறுதியாகச் சொன்னதற்கு ஏட்டில் விடை கிடைக்குமாயின் அது அரிய செல்வம். வெக்கையில் தேறிய மாட்டை அந்நோய் மீண்டும் அணுகாது.

மூன்றாவது தடை மாட்டு வெக்கையின் பக்கத்தில் உள்ளது. மணல்வாரிக்கு 1912ஆம் ஆண்டின் சுவடி கிடைத்தது போல, மாட்டு வெக்கைக்கு நூற்றாண்டுகள் முற்பட்ட சுவடி இதுவரை கிடைத்திலது. படிக்கப்பட்டவை 20ஆம் நூற்றாண்டினவே. அகழ்வில் கிடைக்கும் மாட்டெலும்பினின்று ஆர்.என்.ஏ. பெறுதல் மிக அரிது. நோய் ஒழிந்த பின் ஆய்வுக்கூடங்களில் எஞ்சியிருந்த நச்சுயிரிகளையும் அழித்துவிடுமாறு பன்னாட்டு அமைப்புகள் கேட்டுக்கொண்டன. இங்கிலாந்தின் பிர்பிரைட்டு ஆய்வுக்கூடம் தன்னிடமிருந்த மூவாயிரத்திற்கு மேற்பட்ட குப்பிகளின் மரபெழுத்துக்களைப் படித்து எழுதி வைத்துக்கொண்டு, 2019ஆம் ஆண்டு சூன் மாதத்தில் அவற்றின் இறுதிப் பகுதியையும் எரித்துவிட்டது. இனி அந்நோயின் காலத்தை ஆராய்வோர்க்குப் பெரும்பாலும் எஞ்சுவன அப்படிகளும், ஏதேனும் ஓர் அருங்காட்சியகத்தில் பார்மலினில் ஊறிக் கிடக்கும் மாட்டுறுப்பும், நாட்டுக்கு நாடு உழவர் எழுதி வைத்த ஏடுகளுமே.